கொடுத்த விண்மீனும் வாங்கிய விண்மீனும்



கல்யாண வீட்டில் அம்மி மிதித்த கையோடு மணமக்களுக்கு அருந்ததி காட்டுவது நம் வழக்கம். ஜொகூர் பாருவில் காலை பத்து மணி முகூர்த்தத்தில், மண்டபத்துக்குள் நின்றபடி ஐயர் மேலே கை காட்டினால், மணப்பெண்ணின் கண்ணுக்குத் தெரிவது கூரையில் சுற்றும் மின்விசிறிதான். இருந்தாலும் "அருந்ததி தெரிகிறதா அம்மா?" என்று கேட்டால், தெரிகிறது என்று தலையாட்டிவிடுவாள்.

அருந்ததியை உண்மையாகப் பார்க்க வேண்டுமானால் இரவில் வட வானத்தைப் பார்க்க வேண்டும். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் இருப்பவர் வசிட்டர். அவருக்கு ஒட்டினாற்போல் மங்கலாக இருப்பவள் அருந்ததி. நம் முன்னோர் கண்ணால் கண்டது ஒரு ஜோடி. தொலைநோக்கி வந்த பிறகு, வசிட்டரே இரண்டு விண்மீன்கள் என்று தெரிந்தது. 1889-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் பிக்கரிங் என்பவர் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த இரண்டில் ஒன்று மறுபடியும் இரண்டாகப் பிரிந்தது. பிறகு மற்றொன்றும் அப்படியே. 2009-இல் அருந்ததிக்கும் ஒரு துணை கண்டுபிடித்தார்கள். ஆக, ஜோடி என்று காட்டப்பட்டது ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம்!

வானத்தில் இது அபூர்வமே அல்ல. நம் சூரியனைப் போன்ற விண்மீன்களில் ஏறக்குறைய பாதி, துணையோடுதான் இருக்கின்றன. பெரும்பாலான ஜோடிகள் தள்ளி நின்று ஒன்றையொன்று சுற்றி வருவதோடு சரி. ஆனால் சில ஜோடிகள் மிக நெருங்கி வாழ்கின்றன. அந்த நெருக்கத்தில் ஒன்று மற்றொன்றிடமிருந்து பொருளை வாங்கத் தொடங்குகிறது. வாங்கியது கடைசியில் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஓர் இரவை நினைவுபடுத்திக்கொள்வோம். 2021 ஆகஸ்டு 9. கோவிட் கட்டுப்பாடுகள் தீராத காலம். ஜொகூர் பாலத்தின் வழியே வழக்கம்போல் சிங்கப்பூருக்குப் போய் வர முடியாமல், இரு கரைகளிலும் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. அன்றிரவு பத்து மணி வாக்கில், ஜொகூர்காரர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று நேர் மேலே அண்ணாந்து பார்த்திருந்தால், மேகம் மறைக்காவிட்டால், முந்தின வாரம் வெறும் கண்ணுக்குத் தெரியாதிருந்த ஒரு விண்மீன் அங்கே இருந்திருக்கும். அயர்லாந்தைச் சேர்ந்த கீத் கியரி என்ற பொழுதுபோக்கு வானியலாளர் அதற்குச் சில மணி நேரம் முன்புதான் அதைக் கண்டு உலகத்துக்குச் சொல்லியிருந்தார். ஆர்எஸ் ஒபியூக்கி என்பது அதன் பெயர். ஒரு சிவப்பு அசுர விண்மீனும் ஒரு வெள்ளைக் குள்ளனும் சேர்ந்த ஜோடி அது. 1898, 1933, 1958, 1967, 1985, 2006, பிறகு 2021 என்று திரும்பத் திரும்ப வெடிக்கிறது. வெடித்தும் சாகவில்லை.

ஒரே ஜோடி ஏன் இத்தனை தடவை வெடிக்க வேண்டும்? அதற்கு முதலில் வேறொரு ஜோடியைப் பார்க்க வேண்டும்.

பேயின் தலை

டிசம்பர், ஜனவரி மாதங்களின் முன்னிரவில் வட வானத்தில் அல்கோல் என்ற விண்மீன் தெரியும். மழைக்காலம்தான், ஆனாலும் தெளிந்த ஓர் இரவு கிடைக்கத்தான் செய்யும். அரபு மொழியில் அந்தப் பெயருக்குப் பேய் என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி அது கண் சிமிட்டுகிறது. 2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒரு தடவை அதன் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது.

1783-இல் இதற்குக் காரணம் சொன்னவர் ஜான் குட்ரிக். இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்காரர். காது கேளாதவர். வயது 18. அல்கோலை ஏதோ ஓர் இருண்ட உருவம் சுற்றி வந்து மறைக்கிறது என்றார் அவர். அது சரி என்று உறுதிப்பட நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. குட்ரிக் 21 வயதிலேயே இறந்துவிட்டார்.

பிற்காலத்தில் அந்த இருவரையும் எடை போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. விண்மீன்களில் எடை கூடியது சீக்கிரம் கிழடு தட்டும். எடை குறைந்தது நெடுநாள் இளமையாக இருக்கும். எரிபொருள் அதிகம் இருந்தாலும், செலவு அதைவிட அதிகம். பெரிய சம்பளக்காரர் மாதம் பிறந்த பத்தாம் நாளே கையை விரிப்பது போல. ஆனால் அல்கோலில் எல்லாம் தலைகீழாக இருந்தது. சூரியனைப் போல் 3 மடங்குக்கு மேல் எடையுள்ளது இளமையாக இருக்கிறது. சூரியனின் முக்கால் பங்கு எடைகூட இல்லாதது முதுமையில் உப்பிப்போய் நிற்கிறது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. அப்படியிருக்க, தம்பிக்கு முன்னால் நரைத்தது எப்படி?

விடை 1950-களில் கிடைத்தது. இன்று இளைத்து நிற்பவர்தான் ஒரு காலத்தில் மூத்தவர், கனத்தவர். முறைப்படி அவர்தான் முதலில் முதுமை அடைந்தார்; உப்பினார். உப்பும்போது தன் உடம்பின் பெரும்பகுதி பக்கத்தில் இருந்தவருக்குப் போய்விட்டது. வாங்கியவர் கொழுத்தார். கொடுத்தவர் இளைத்தார்.

இது எப்படி நடக்கிறது என்பதை வயல்காட்டில் இருந்து வந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். அடுத்தடுத்து இரண்டு வயல், நடுவில் வரப்பு. வரப்பில் ஓர் இடத்தில் மடை. ஒரு வயலில் தண்ணீர் குறைவாக இருக்கும்வரை அது அந்த வயலுக்குச் சொந்தம். மட்டம் ஏறி மடையைத் தொட்டதும் பக்கத்து வயலுக்குப் பாயும். ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் அதன் ஈர்ப்பு ஆட்சி செய்யும் எல்லை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ரோச் என்பவரின் பெயரால் அதை ரோச் மடல் என்கிறார்கள். இரண்டு மடல்களும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளிதான் மடை. அல்கோல் ஜோடிக்கு இடையே உள்ள தூரம் ஒரு கோடி கிலோமீட்டர்கூட இல்லை. சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு அருகில் ஒன்று உப்பினால் மடை திறக்காமல் என்ன செய்யும்?

பாய்ந்த வாயு நேராகப் போய் விழுந்துவிடாது. இரண்டும் சுற்றிக்கொண்டே இருப்பதால், வாயுவும் பக்கவாட்டில் விலகி, தொட்டித் துவாரத்தில் தண்ணீர் சுழன்று இறங்குவது போலச் சுழன்று சுழன்றுதான் இறங்கும். வாங்குகிற விண்மீன் மிகச் சிறியதாக இருந்தால், அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டு உண்டாகும். ஆபத்து தொடங்குவது அப்படிப்பட்ட ஜோடிகளில்தான்.

கப்பலில் போட்ட கணக்கு

வானத்தில் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ். அதற்கும் ஒரு துணை உண்டு. 1862-இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. எடை சூரியன் அளவு. உருவமோ பூமியைவிடச் சற்றுச் சிறியது. சூரியனை அழுத்திப் பூமிக்குள் அடைத்தால் எப்படி? அந்தப் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் ஒரு யானையின் எடை இருக்கும். எரிபொருள் தீர்ந்து செத்துப்போன விண்மீனின் கரு அது. இதைத்தான் வெள்ளைக் குள்ளன் என்கிறார்கள். நம் சூரியனுக்கும் கடைசியில் இந்தக் கதிதான்.

1930 ஜூலை 31. சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த 19 வயது இளைஞர் ஒருவர் பம்பாயில் கப்பல் ஏறினார். போகும் இடம் கேம்பிரிட்ஜ். பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். கேம்பிரிட்ஜில் அவருக்கு வழிகாட்டியாக இருக்கப்போகிறவர் ரால்ஃப் ஃபௌலர். வெள்ளைக் குள்ளன் ஏன் தன் எடையாலேயே நொறுங்கிவிடாமல் நிற்கிறது என்பதற்கு எலக்ட்ரான்களை வைத்து விளக்கம் சொன்னவர் அவர். நெருக்கியடித்து நிற்கும் எலக்ட்ரான்கள் இதற்கு மேல் இடம் தர மாட்டோம் என்று எதிர்த்துத் தள்ளுகின்றன. அந்தத் தள்ளல்தான் விண்மீனைத் தாங்குகிறது.

கப்பலில் உட்கார்ந்து அந்தக் கணக்கை மறுபடி போட்ட சந்திரசேகர், அதில் ஒரு குறை இருப்பதைக் கண்டார். அவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் ஓடும். ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்தால் தாங்கும் பலம் குறைகிறது. எடை கூடக் கூட விண்மீன் சுருங்கும். ஓர் அளவுக்கு மேல் தாங்கவே முடியாது. அந்த அளவு சூரியனின் எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்றைய கணக்கு. இதே வழியில் எஸ்டோனியாவின் ஆண்டர்சனும் இங்கிலாந்தின் ஸ்டோனரும் அப்போது சிந்தித்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதை விண்மீனின் முழு அமைப்போடு பொருத்தி, கடைசிவரை விடாமல் பிடித்து நின்றவர் சந்திரசேகர்தான்.

நிற்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் தம் முடிவைச் சொன்னார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். அக்காலத்தில் விண்மீன் இயலில் அவர் சொன்னதே தீர்ப்பு. ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை அனுமதிக்காது என்று எல்லார் முன்னிலையிலும் கேலியாகப் பேசினார். சபை சிரித்தது. சந்திரசேகருக்கு அப்போது வயது 24. எடிங்டன் சொல்வது தவறு என்று தனியாக ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள்கூட வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. அறிவாளிகளின் சபையிலும் ஆள் பார்த்துத்தான் பேசுகிறார்கள்! சந்திரசேகர் அமெரிக்கா போனார். 1939-இல் ஒரு நூலாக எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். நோபல் பரிசு 1983-இல் வந்தது, கப்பல் ஏறி 53 ஆண்டு கழித்து. அதைப் பகிர்ந்துகொண்டவரின் பெயரும் ஃபௌலர்தான். ஆனால் அவர் வேறு ஃபௌலர்.

பால் பொங்குவதும் பானை உடைவதும்

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம், இவ்வளவுதான் தாங்கும் என்று எல்லை குறிக்கப்பட்ட வெள்ளைக் குள்ளன். மறு பக்கம், உப்பிப்போய் பொருளைக் கொட்டிக்கொண்டிருக்கும் துணை. குள்ளன் வாங்கிக்கொண்டே இருக்கிறான்.

வாங்கிய ஹைட்ரஜன் அவன் மேற்பரப்பில் படிந்து, அழுந்தி, சூடேறி, ஒரு கோடி டிகிரியைத் தாண்டியதும் குப்பென்று பற்றுகிறது. மேலே படிந்தது முழுக்க வெளியே வீசப்படுகிறது. இதுதான் நோவா. அடுப்பில் பால் பொங்கி வழிவது போல. பால் போகும், பானை அப்படியே இருக்கும். மறுபடி பால் ஊற்றினால் மறுபடி பொங்கும். ஆர்எஸ் ஒபியூக்கி திரும்பத் திரும்ப வெடிப்பது இப்படித்தான். 2021-இல் அது பொங்கியபோது, நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் அதிலிருந்து வந்த காமா கதிர்களையும் பிடித்தன.

ஒவ்வொரு பொங்கலிலும் வாங்கியதெல்லாம் போய்விடாமல் கொஞ்சம் தங்கினால்? குள்ளனின் எடை ஏறும். சந்திரசேகர் எல்லையை நெருங்கும்போது நடுவில் இருக்கும் கரி பற்றிக்கொள்ளும். சாதாரண விண்மீனில் சூடு கூடினால் அது விரியும், விரிந்தால் தணியும். பிரஷர் குக்கரில் வெயிட் எழும்பி ஆவியை விடுவது மாதிரி ஒரு பாதுகாப்பு. வெள்ளைக் குள்ளனில் அந்த வெயிட் அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடேறினாலும் விரியாது. சூடு மேலும் சூட்டைக் கிளப்ப, சில விநாடிகளில் முழு விண்மீனும் எரிந்து சிதறுகிறது. இங்கே பானையே உடைகிறது. 1ஏ வகை சூப்பர்நோவா என்று இதற்குப் பெயர். சில நூறு கோடி சூரியன்களின் வெளிச்சம் ஒரே இடத்தில்!

கி.பி. 1006-இல் தென் வானில் அப்படி ஒன்று வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பிரகாசமான விண்மீன் இல்லை. சீனா, ஜப்பான், எகிப்து, ஈராக், சுவிட்சர்லாந்து என்று பல நாடுகளில் குறித்து வைத்தார்கள். தமிழ்நாட்டில் அது ராஜராஜ சோழன் காலம். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரைக்கு, ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தது ஏறக்குறைய அதே ஆண்டில்தான். அந்த வெயில் காலத்து இரவுகளில் நாகைக்கும் கடாரத்துக்கும் இடையே பாய் விரித்த மாலுமிகளின் கண்ணில் அது படாமல் போயிருக்காது.

வெடிப்பில் வீணாகப் போவது ஒன்றும் இல்லை. கரியும் ஆக்சிஜனும் இணைந்து நிக்கல் ஆகின்றன. அந்த நிக்கல் கோபால்ட் ஆகி, கோபால்ட் சில மாதங்களில் இரும்பாகிறது. அந்தச் சிதைவின் சக்திதான் சூப்பர்நோவாவை வாரக்கணக்கில் ஒளிர வைக்கிறது. ஒரே வெடிப்பில் சூரியனின் பாதி எடைக்கு மேல் இரும்பு. பிரபஞ்சத்து இரும்பில் பாதி, அல்லது அதற்கு மேலும், இந்த வகை வெடிப்பிலிருந்து வந்தது. பத்து பஹாட் பக்கம் ஸ்ரீ மேடானில் 1920-களில் ஜப்பானிய நிறுவனம் சுரங்கம் வெட்டி, கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போன இரும்புத் தாதுவின் பூர்வீகமும் அங்கேதான். ரத்தசோகைக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையின் இரும்புக்கும் அதே பூர்வீகம்.

விளக்கு ஒன்றா, இரண்டா?

விஞ்ஞானிகள் இந்த வெடிப்பை விடாமல் துரத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஜொகூர் பாரு கரையில் நின்று சிங்கப்பூர்த் தெருவிளக்குகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே சக்தியுள்ள விளக்கு என்று தெரிந்தால், எது மங்கலோ அது தூரம் என்று கணக்குப் போடலாம். எல்லா வெள்ளைக் குள்ளன்களும் ஒரே எல்லையில் வெடிக்கின்றன என்றால், அவையும் ஒரே சக்தியுள்ள விளக்குகள். சிறு வேறுபாடுகளைத் திருத்திக்கொள்ளவும் வழி உண்டு. இப்படி அளந்துதான், பிரபஞ்சம் விரிவது மட்டுமல்ல, விரியும் வேகமே கூடிக்கொண்டிருக்கிறது என்று 1998-இல் அறிவித்தார்கள். 2011-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த 2011-ஆம் ஆண்டிலேயே ஒரு சிக்கலும் வந்து சேர்ந்தது. 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், எம்101 என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு 1ஏ வெடிப்பு நடந்தது. ஹபிள் தொலைநோக்கி அதே இடத்தை முன்பு எடுத்து வைத்திருந்த படங்களைத் துழாவினார்கள். கொடுத்துக்கொண்டிருந்த சிவப்பு அசுரன் அங்கே இல்லை. 1006-இல் வெடித்த இடத்தைத் துருவியவர்களும் 2012-இல் அதையேதான் சொன்னார்கள்: மிஞ்சிய துணை என்று ஒன்றும் அகப்படவில்லை. அப்படியானால் கொடுத்தவரும் ஒரு வெள்ளைக் குள்ளனாக இருக்கலாம். இரண்டு குள்ளன்கள் சுற்றிச் சுற்றி நெருங்கி, கடைசியில் ஒன்றோடொன்று மோதி இரண்டும் அழியலாம்.

2025-இல் இன்னொரு செய்தி. பெரிய மெகல்லன் மேகம் என்ற நம் அண்டை விண்மீன் கூட்டத்தில், சில நூறு ஆண்டுகளுக்கு முன் சிதறிய ஒரு சூப்பர்நோவாவின் எச்சத்தை, சிலி நாட்டில் உள்ள பெரிய தொலைநோக்கியால் பார்த்தார்கள். அதில் கால்சியம் இரண்டு தனித்தனி ஓடுகளாக இருந்தது. துணையிடம் வாங்கிய ஹீலியம் முதலில் மேலே வெடித்திருக்கிறது. அந்த அதிர்ச்சி உள்ளே பாய்ந்து கருவை வெடிக்க வைத்திருக்கிறது. இரட்டை வெடி. இப்படி நடக்க, குள்ளன் சந்திரசேகர் எல்லையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியென்றால் சந்திரசேகர் எல்லை தவறா? இல்லை. பாலத்துக்கு எடை வரம்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டினால் பாலம் உடையும் என்பது உண்மை. வரம்புக்குள் போன லாரியும் டயர் வெடித்துக் கவிழலாம் என்பதும் உண்மை. ஆனால் விளக்குகள் இரண்டு மூன்று வகை என்று ஆகிவிட்டால், எந்த விளக்கு எது என்று பிரித்தாக வேண்டும். அந்த விளக்குகளை நம்பித்தானே பிரபஞ்சத்தையே அளந்திருக்கிறார்கள்!

கடைசியாக ஒரு முகவரி. ஜூலை மாதம் இரவு ஒன்பது மணிக்கு வட வானத்தில் நன்றாக உயரே பாருங்கள். ஏழு விண்மீன்கள் உடைந்த வளையலைப் போல அரைவட்டமாக இருக்கும். வட மகுடம் என்று பெயர். அதன் ஓரத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜோடி இருக்கிறது: ஒரு சிவப்பு அசுரன், ஒரு வெள்ளைக் குள்ளன். 228 நாளுக்கு ஒரு தடவை சுற்றிக்கொள்கின்றன. அந்தக் குள்ளனின் எடை சந்திரசேகர் எல்லைக்கு மிக அருகில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1866 மே மாதம் பொங்கியது; 1946 பிப்ரவரியில் மறுபடி பொங்கியது. 80 ஆண்டுக்கு ஒரு தடவை என்று வைத்து, 2024-இலேயே பொங்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அந்த ஆண்டு ஒன்றும் நடக்காமல் போயிற்று. பொங்கும்போது, வளையலில் பிரகாசமாக இருக்கும் விண்மீனுக்குச் சமமாகச் சில நாள் தெரியும்.

அது இருப்பது சுமார் 3,000 ஒளியாண்டு தூரத்தில். 80 ஆண்டுக்கு ஒன்று என்றால், முப்பத்தேழு வெடிப்புகளின் ஒளி ஒன்றன்பின் ஒன்றாக நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வரிசையில் முதலில் நிற்பதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். நகர வெளிச்சத்தை விட்டு மெர்சிங் பக்கம் போய், அந்த வளையலில் எத்தனை விண்மீன் என்று இப்போதே எண்ணி மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.